இரண்டாம் முறை அழுத்தினால் என்ன ஆகும்?

தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். பெயர், வயது, படுக்கை எல்லாம் நிரப்பி, பணம் கட்டும் பொத்தானையும் அழுத்தியாயிற்று. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கீழே ஓர் எச்சரிக்கை: பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், பின்னே போகும் பொத்தானை அழுத்தாதீர்கள்.

அழுத்தினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி எல்லோர் மனதிலும் ஒரு முறையாவது வந்திருக்கும். அழுத்திப் பார்க்கும் துணிச்சல்தான் வராது. பணம் இரண்டு முறை போய்விடுமோ, டிக்கெட்டே கிடைக்காதோ என்ற பயத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த எச்சரிக்கையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஓர் அமைப்பு, உங்கள் விரல் அவசரப்பட்டால் கணக்கைத் தப்பாக எழுதிவிடுவேன் என்று உங்களிடமே சொல்கிறது. சரியாக நடந்துகொள்ள வேண்டிய பொறுப்பு இயந்திரத்திடமிருந்து நழுவி உங்கள் மடியில் வந்து விழுகிறது. டிக்கெட் விஷயத்தில் இதனால் வரும் நஷ்டம் சில நூறு ரூபாய். அதுவும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பிரிட்டனில் இதே பொறுப்பு மாற்றத்தால் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். அந்தக் கதைக்குப் போவதற்கு முன், அந்த வட்டம் ஏன் சுற்றுகிறது என்று பார்த்துவிடலாம்.

வராத பதிலுக்கு இரண்டு அர்த்தம்

நீங்கள் பொத்தானை அழுத்தியதும் உங்கள் போனிலிருந்து ஒரு செய்தி கிளம்புகிறது: 'இந்தக் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்து அங்கே சேர்.' எங்கோ இருக்கும் சர்வர் அந்த வேலையை முடித்துவிட்டு, 'முடிந்தது' என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வரவில்லை. என்ன நடந்திருக்கும்?

உங்கள் செய்தி போகும் வழியிலேயே தொலைந்திருக்கலாம். அப்படியானால் பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. அல்லது செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, பணமும் எடுக்கப்பட்டு, திரும்பி வந்த 'முடிந்தது' மட்டும் தொலைந்திருக்கலாம். சிக்கல் என்னவென்றால், உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் வட்டம் சுற்றும்.

மணியார்டர் காலத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. பணம் பெற்றவர் கையெழுத்துப் போட்ட ரசீது திரும்பி வரவில்லை என்றால், பணம் போய்ச் சேரவில்லையா, ரசீதுதான் வழியில் தொலைந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. இரண்டாவது மணியார்டர் அனுப்பினால் அம்மாவுக்கு இரட்டைப் பணம் போகலாம். அனுப்பாவிட்டால் அம்மா பட்டினி கிடக்கலாம்.

இணைய வேகம் எவ்வளவு கூடினாலும் இந்தச் சிக்கல் தீராது. வழியில் செய்தி தொலையக்கூடிய எந்த வலைப்பின்னலிலும், பதில் வராதவருக்கு மறுமுனையில் என்ன நடந்தது என்று நிச்சயமாகத் தெரிய வழியில்லை. ஆகவே இது நடக்கும் என்று தெரிந்தே அமைப்பைக் கட்ட வேண்டும்.

ஒருமுறைத்தன்மை

கட்டும் முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அது தொடங்கும்போதே தனி எண் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் பத்து முறை அழுத்தினாலும் பத்துச் செய்திகளும் அதே எண்ணைத் தாங்கிப் போகும். சர்வர் வேலையைத் தொடங்குமுன் தன் பதிவேட்டைப் பார்க்கும். 'இந்த எண்ணுக்குரிய வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டேனா?' முடித்திருந்தால் மறுபடி செய்யாது. பழைய பதிலையே திருப்பி அனுப்பும்.

எத்தனை முறை கேட்டாலும் விளைவு ஒரே முறைதான் நிகழும் என்ற இந்தக் குணத்தை 'ஒருமுறைத்தன்மை' என்று அழைப்போம். யுபிஐயில் பணம் அனுப்பியதும் 12 இலக்க எண் ஒன்று வருகிறதே, அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பணம் பிடித்தாகிவிட்டது, கடைக்காரருக்கு வரவில்லை என்ற சண்டையில் இரண்டு வங்கிகளும் ஒரே நிகழ்வைப் பற்றித்தான் பேசுகின்றன என்று உறுதிசெய்வது அந்த எண்தான்.

ஒருமுறைத்தன்மை உள்ள அமைப்பில் நீங்கள் பதற்றப்பட்டு நாலு முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. அது இல்லாத அமைப்புதான் உங்களைப் பார்த்து 'அழுத்தாதே' என்று கெஞ்சும். எச்சரிக்கை போடும் எல்லா அமைப்புகளிலும் இந்தக் குறை இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சிலர் பழக்கத்துக்காகவும் போட்டு வைக்கிறார்கள்.

டல்மெலிங்டனில் ஒரு பணப்பை

இப்போது ஸ்காட்லாந்துக்குப் போவோம். டல்மெலிங்டன் அங்குள்ள ஒரு சிற்றூர். பிரிட்டனில் பெரும்பாலான அஞ்சல் நிலையங்களை அஞ்சல் நிறுவனத்தின் ஊழியர்கள் நடத்துவதில்லை. 'சப்-போஸ்ட்மாஸ்டர்' எனப்படும் தனியாட்கள், மளிகைக் கடையோ புத்தகக் கடையோ வைத்திருப்பவர்கள், ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் அஞ்சல் கவுன்டரும் நடத்துவார்கள். ஓய்வூதியம் கொடுப்பது, கட்டணங்கள் வாங்குவது, சேமிப்புக் கணக்கு என்று அங்கே நிறையப் பணம் புழங்கும். கணக்கெல்லாம் 'ஹொரைசன்' என்ற கணினி அமைப்பில்.

டல்மெலிங்டன் சப்-போஸ்ட்மாஸ்டர் தன் முதன்மை நிலையத்தோடு இன்னொரு சிறு கவுன்டரையும் கவனித்துவந்தார். 2015 அக்டோபரில் ஒரு நாள் முதன்மை நிலையத்திலிருந்து அந்தச் சிறு கவுன்டருக்கு 8,000 பவுண்டு ரொக்கத்தை ஒரு பையில் எடுத்துப் போனார். பையில் ஒரு பார்கோடு. அங்கே அதை ஸ்கேன் செய்தார். 'பெறப்பட்டது' என்று உறுதிசெய்ய என்டர் விசையைத் தட்டினார். திரை மாறவில்லை. மறுபடி தட்டினார். மாறவில்லை. இன்னும் இரண்டு தட்டு.

திரை மட்டும்தான் அசையாமல் நின்றது. உள்ளே ஹொரைசன் ஒவ்வொரு தட்டலையும் புதிய வரவாக எழுதிக்கொண்டிருந்தது. நான்கு தட்டல், நான்கு வரவு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிறு கவுன்டர் பெற்றதாக ஹொரைசன் சொல்வது 32,000 பவுண்டு. பெட்டியில் உள்ளது 8,000. பற்றாக்குறை 24,000. ஒரு பவுண்டுகூடக் காணாமல் போகவில்லை. ஆனால் கணினியைக் கேட்டால், அந்த மனிதர் 24,000 பவுண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்துவது பையின் எண். எண் இல்லாமல் இல்லை, பார்கோடிலேயே இருந்தது. ஒரே எண்ணுள்ள பை ஒரே இடத்துக்கு நான்கு முறை வந்து சேர முடியாது என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். ஹொரைசன் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை. எண்ணை எழுதி வைத்ததே தவிர, ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. முந்தைய பகுதியில் சொன்ன ஒரே ஒரு சோதனை, 'இதை ஏற்கெனவே முடித்துவிட்டேனா' என்பது, அந்த இடத்தில் எழுதப்படாமல் விடுபட்டிருந்தது.

அமைப்பைக் கட்டிய ஃபுஜித்சு நிறுவனம் பிறகு பழைய பதிவுகளைத் துழாவியது. ஒரே பை எண் இரட்டிப்பான நிகழ்வுகள் 2010 முதல் 112 இருந்தன, 88 கிளைகளில். அவற்றில் 108 அப்போதைக்கப்போது சரிசெய்யப்பட்டுவிட்டன, மீதி நான்கு பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது அதன் அறிக்கை. முக்கால்வாசி அல்ல, ஏறத்தாழ எல்லாமே சரியாகிவிட்டதே என்று ஆறுதல் தோன்றலாம். ஆனால் ஐந்து ஆண்டுகளாகப் பிழை அங்கேயே இருந்திருக்கிறது, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு கிளையும் அதைத் தனியாகவே சந்தித்திருக்கிறது.

துண்டு விழுந்தால் யார் கட்டுவது

ஹொரைசன் 1999 இல் கிளைகளுக்கு வரத் தொடங்கியது. முதலில் நலத்திட்ட உதவிப் பணத்தை அட்டை மூலம் கொடுக்கும் திட்டமாகத்தான் அது 1996 இல் ஆரம்பித்தது. அந்தத் திட்டத்தை அரசு பாதியில் கைவிட்டது. கட்டிய மென்பொருளை மட்டும் அஞ்சலகக் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அதற்கு முன் கணக்கு காகிதத்தில் இருந்தது. மாலையில் துண்டு விழுந்தால் சப்-போஸ்ட்மாஸ்டர் ஏட்டைப் புரட்டுவார். ஒவ்வொரு வரியும் அவர் கையெழுத்து. எங்கே தவறியது என்று விடிய விடியத் தேடினாலும் தேடக்கூடிய இடம் அவர் கண்முன் இருந்தது. ஹொரைசனில் அவர் பார்த்தது இறுதித் தொகையும் சில அறிக்கைகளும். அந்தத் தொகை எப்படி வந்தது என்ற முழுப் பதிவு ஃபுஜித்சுவிடம் இருந்தது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்க அஞ்சல் நிறுவனத்துக்கே ஆண்டுக்கு இத்தனை என்ற வரம்பு இருந்தது, கூடினால் கட்டணம்.

ஒப்பந்தமோ, தன் கவனக்குறைவாலோ தவறாலோ வரும் நஷ்டத்தைச் சப்-போஸ்ட்மாஸ்டர் ஈடுகட்ட வேண்டும் என்றது. 'தன் தவறால்' என்ற சொல் அதில் இருக்கிறது. நடைமுறையில் அது மறைந்துபோனது. துண்டு விழுந்தால் கட்டு. கட்டினால்தான் அடுத்த கணக்குக் காலத்தைத் திறந்து கடையை நடத்தலாம். பலர் சேமிப்பைக் கரைத்தார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள். கட்ட முடியாதவர்களில் சிலர், பிறகு தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பி, கணக்கு சரியாக இருப்பதாகத் திரையில் ஒப்புக்கொண்டார்கள். அதுவே பொய்க் கணக்கு என்ற தனிக் குற்றமாக அவர்கள் மேல் பாய்ந்தது.

உதவி எண்ணுக்குப் போன் செய்தவர்களில் பலரும் ஒரே பதிலைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்: வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டும்தான்.

1999 முதல் 2015 வரை, ஹொரைசன் கணக்கை வைத்துத் திருட்டு, மோசடி, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டவர்கள் 900 பேருக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 700 பேர் மீது வழக்குப் போட்டது அஞ்சல் நிறுவனமே. இங்கிலாந்துச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. நஷ்டம் அடைந்தவர், புலனாய்வு செய்தவர், வழக்கு நடத்தியவர் மூவரும் ஒருவரே. 2010 இல் ஒரு பெண் கருவுற்றிருந்த நிலையில் சிறைக்குப் போனார். தெற்காசியக் குடும்பங்கள் நடத்திய அஞ்சல் கடைகள் பிரிட்டனில் நிறைய. விசாரணை அதிகாரிகளின் படிவத்தில் சந்தேக நபர்களை வகைப்படுத்தப் பழைய காலனியக் காலத்து இனப் பெயர்கள் இருந்தன என்பது 2023 இல் வெளிவந்தது. அஞ்சல் நிறுவனம் அதற்கு மன்னிப்புக் கேட்டது.

அரிதான பிழை எப்படி ஒளிந்துகொள்கிறது

நீதிமன்றங்களில் அஞ்சல் தரப்பு வைத்த வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். நாளொன்றுக்கு லட்சக்கணக்கான பரிவர்த்தனைகள் ஒழுங்காக நடக்கின்றன. உங்கள் ஒருவர் கடையில் மட்டும் கணினி தப்பாகக் கூட்டுமா? படித்த நீதிபதிகளும் ஜூரிகளும் இதில் விழுந்தார்கள். இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. எண்களை வைத்துப் பார்த்தால்தான் அவை தெரியும். இங்கே வரும் எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

நாளுக்கு 60 லட்சம் பரிவர்த்தனைகள் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சத்தில் ஒன்று மட்டும் தப்பாகப் பதிவாகிறது. எந்த மென்பொருள் நிறுவனமும் இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்ளும். நாளுக்கு 6 பிழை. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 1,800 பிழை. கிளைகள் 11,500 என்று கொண்டால், ஒரு கிளைக்குச் சராசரியாக ஆறு ஆண்டுக்கு ஒருமுறைக்கும் குறைவாகவே பிழை வரும்.

இப்போது அந்தக் கிளையில் உட்கார்ந்திருப்பவர் இடத்திலிருந்து பாருங்கள். ஆறு வருடமாக ஒழுங்காக ஓடிய இயந்திரம். பக்கத்து ஊர்க்காரருக்கு இந்த வருடம் ஒன்றும் வரவில்லை. தன் மேலேயே சந்தேகம் வரும். மிச்சம் கொடுக்கும்போது தப்பிவிட்டதோ, கடைப் பையன் எடுத்துவிட்டானோ என்றுதான் மனம் போகும். ஆண்டுக்கு 1,800 என்ற மொத்த உருவம் தெரியக்கூடிய ஒரே இடம் மையம். அந்த மையம்தான் 'உங்களுக்கு மட்டும்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த ஓட்டை இன்னும் நுட்பமானது. பத்து லட்சத்தில் ஒன்று என்பது, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பரிவர்த்தனையை எடுத்தால் அது பிழையாக இருக்கும் வாய்ப்பு. நீதிமன்றத்துக்கு யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆள் எடுத்து வருவதில்லை. துண்டு விழுந்தவர்கள் மட்டுமே வருகிறார்கள். எனவே கேட்க வேண்டிய கேள்வி: துண்டு விழுந்தவர்கள் வரிசையில் திருடர்கள் எத்தனை, பிழையில் சிக்கியவர்கள் எத்தனை?

1,800 பிழைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை மையம் கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மிச்சம் 90. ஆண்டுக்கு 50 சப்-போஸ்ட்மாஸ்டர்கள் உண்மையிலேயே கை வைக்கிறார்கள் என்றும் கொள்வோம். இப்போது வரிசையில் 140 பேர். அதில் 90 பேர் ஒரு தப்பும் செய்யாதவர்கள். இயந்திரம் பத்து லட்சத்துக்கு ஒருமுறைதான் தவறுகிறது; ஆனாலும் கூண்டில் நிற்பவர்களில் பெரும்பாலோர் நிரபராதிகள். திருட்டும் அரிது, பிழையும் அரிது. இரண்டு அரிதானவற்றில் எது இன்னும் அரிது என்று கேட்காமல் தீர்ப்பு எழுதினால் இதுதான் கதி.

உண்மையில் பிழை விகிதம் என்ன என்பது வேறு. ஆனால் 'பெரும்பாலும் சரியாக ஓடுகிறது' என்ற சாட்சியத்தால் இந்த வரிசையைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

சட்டம் கணினியை நம்பிய கதை

1984 இல் வந்த பிரிட்டிஷ் சட்டம் ஒன்று, கணினிப் பதிவைக் குற்ற வழக்கில் சாட்சியமாகக் காட்ட வேண்டுமானால் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றது. இது பெரும் தொல்லை, கணினிகள் சிக்கலாகிவிட்டதால் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சட்ட ஆணையம் 1997 இல் பரிந்துரைக்க, 1999 இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். ஹொரைசன் கடைகளுக்கு வந்ததும் அதே ஆண்டுதான். அதன்பின் நிலை தலைகீழ். கணினி சரியாக இயங்கியது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர் அதற்கு ஏதாவது ஆதாரம் காட்ட வேண்டும். சட்டத்தில் இதை அனுமானம் என்பார்கள்: மறுத்துக் காட்டும் வரை உண்மை என்று கொள்வது.

காகித ஏடு காலத்தில் இந்த அனுமானத்தால் பெரிய தீங்கு வந்திருக்காது. இங்கே மறுக்க வேண்டியவரிடம் பதிவேடு இல்லை. பதிவேடு வைத்திருந்தவருக்கு மறுக்க ஆசை இல்லை. 2010 இல் புதுப்பிக்கப்பட்ட ஹொரைசனில் ஒரு பிழை 60 க்கும் மேற்பட்ட கிளைகளின் கணக்கைக் குழப்பியது. அதை எப்படிச் சமாளிப்பது என்று நடந்த கூட்டத்தின் குறிப்பு பிறகு வெளிவந்தது. கிளைகளுக்கு இது தெரிந்தால் நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் பாதிக்கப்படலாம் என்ற கவலை அதில் எழுத்திலேயே இருக்கிறது. கிளைக் கணக்கில் வெளியிலிருந்து யாரும் கைவைக்க முடியாது என்று அஞ்சல் நிறுவனம் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. ஃபுஜித்சுவின் பராமரிப்புப் பொறியாளர்களால் முடியும் என்பதை, அங்கே வேலை பார்த்த ஒருவர் 2015 இல் பிபிசியில் வெளிப்படையாகச் சொன்னார்.

இந்த மூடியைத் திறந்தவர் ஆலன் பேட்ஸ். வேல்ஸில் அஞ்சல் கடை வைத்திருந்தவர். விளக்கமில்லாத துண்டுக்குப் பொறுப்பேற்க மறுத்ததால் 2003 இல் ஒப்பந்தத்தை இழந்தார். 2009 இல் 'கம்ப்யூட்டர் வீக்லி' இதழ் அவர் உள்ளிட்ட ஏழு பேரின் கதையை வெளியிட்டது. 'உங்களுக்கு மட்டும்தான்' என்ற பதில் அன்றைக்கே செத்தது, ஆனாலும் தண்டனைகள் தொடர்ந்தன. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் ஹொரைசனின் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பழைய ஹொரைசன் நம்பத்தக்க உறுதியுடன் இருக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். டல்மெலிங்டன் பையும் அந்தத் தீர்ப்பில் உண்டு. 2021 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றமே சட்டம் போட்டு மற்றப் பலரின் தண்டனைகளை நீக்கியது. இதற்கென அமைந்த விசாரணை ஆணையத்தின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் வந்தது. 13 பேர் இதன் காரணமாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது அது.

கணினியை நம்பும் அந்த அனுமானத்தை மாற்றலாமா என்று பிரிட்டிஷ் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது 2025 ஜனவரியில்தான்.

நம் ஊரில் சுமை யார் தோளில்

இந்தியச் சட்டம் வேறு வழியில் வந்தது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் கணினி ஒழுங்காக இயங்கியது என்றும் சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று வழக்கறிஞர்கள் நாவில் புழங்கிய பிரிவு அது. 2020 இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63 ஆம் பிரிவு. பதிவின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண்; கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அது முற்றிலும் வேறாகிவிடும்.

நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதன் எல்லை எது என்று தெரிந்திருக்க வேண்டும். எடுத்த பிறகு பதிவை யாரும் திருத்தவில்லை என்பதற்கே ஹாஷ் சாட்சி. பதிவு பிறக்கும்போதே தப்பாகப் பிறந்திருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. டல்மெலிங்டனின் 32,000 பவுண்டுக்கும் அப்பழுக்கற்ற ஹாஷ் போட்டுக் கொடுத்திருக்க முடியும்.

இதைவிட ரிசர்வ் வங்கி எடுத்த நிலைப்பாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2017 ஜூலையில் அது வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் அவர்மேல்தான் தவறு என்று நிரூபிக்கும் சுமையை வங்கியின் தோளில் வைத்தது. பதிவேடு யாரிடம் இருக்கிறதோ அவர் நிரூபிக்கட்டும் என்ற எளிய நியாயம். 2019 செப்டம்பரில் இன்னொன்று: யுபிஐயில் உங்கள் பணம் பிடிக்கப்பட்டுப் பெறுபவருக்குப் போகாவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும்; கடைக்குக் கட்டிய பணமென்றால் ஐந்து நாள் அவகாசம். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் புகார் செய்யாவிட்டாலும். தாமதத்துக்கு விலை வைத்ததும் அதைச் சரிசெய்யும் அக்கறை வங்கிக்கு வந்துவிடுகிறது. அஞ்சல் நிறுவனம் ஒவ்வொரு விளக்கமில்லாத துண்டுக்கும் அபராதம் கட்ட வேண்டியிருந்தால், அந்த என்டர் விசைப் பிழை ஐந்து வருடம் உயிரோடு இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பணமில்லாத இடங்களில் இன்னும் இந்தத் தெளிவு வரவில்லை. ரேஷன் கடையில் விரல் ரேகை ஏற்கவில்லை என்றால் வரிசையிலிருந்து ஒதுங்கி நிற்பது பாட்டிதான். கல்லும் சிமென்டும் தேய்த்த விரலில் ரேகை மங்கும் என்பது இயந்திரத்தை வாங்கியவர்களுக்குத் தெரியாததா? தேர்வு விண்ணப்பம் பதிவாகவில்லை, உதவித்தொகைப் பட்டியலில் பெயர் விடுபட்டது என்று வருகிறவரிடம் 'சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வாக்கியத்தைச் சொல்பவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அவரும் ஒரு திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே அடுத்த முறை பணம் போய் டிக்கெட் வராவிட்டால், மறுபடி கட்டுவதற்கு முன் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். அந்த 12 இலக்க எண்ணைக் குறித்து வையுங்கள், திரையைப் படமெடுத்து வையுங்கள். அந்தப் பரிவர்த்தனையின் முழுப் பதிவையும் எழுத்தில் கேளுங்கள். போனில் கிடைக்கும் சமாதானத்தோடு விட்டுவிடாதீர்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம். புகாருக்குக் கட்டணம் கிடையாது.